பழனியம்மா ஒப்படைத்த துப்பாக்கி

இந்த விஷயத்தை இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்தேன். பல்வலியிலிருந்து பக்கத்து வீட்டு நாய் வரைக்கும் வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் கொட்டித் தீர்க்கிற ஆள் நான். இதை மட்டும் ஏன் அடக்கினேன்? காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

உள்ளாட்சித் தேர்தல் அறிவித்த வாரம். நானும் என் மனைவி சுமதியும் சேலத்தில் வேலையை முடித்துக்கொண்டு காரில் ஏற்காடு திரும்பிக்கொண்டிருந்தோம். மார்கழி மாதம், மத்தியானம் மூன்று மணிக்கே பனி இறங்கிவிட்டது. பதினான்காவது வளைவில் போன் அடித்தது. சுமதி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

ஸ்டேஷனிலிருந்து ஏட்டு. ரொம்ப மரியாதையான குரல். "சார், உங்க துப்பாக்கி வந்து சேந்துருச்சுங்க. லைசென்ஸ் மட்டும் எடுத்துட்டு ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்க."

துப்பாக்கியா... என்னிடமா?

நான் எழுதிப் பிழைக்கிறவன். என் வீட்டில் இருக்கும் ஒரே ஆயுதம் வெங்காயம் நறுக்கும் கத்தி. அதுவும் மொக்கை. ராங் நம்பர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சுமதி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்தப் பார்வைக்கு எனக்கு அர்த்தம் தெரியும். "உன் கிறுக்குத்தனம்தான். நல்லா யோசி."

யோசித்தேன். என் மேஜைமேல் விட்டுவந்த சாமான் ஞாபகம் வந்தது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். எனக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. ஏர்சாஃப்ட் என்று பெயர். ராணுவத் துப்பாக்கியை அளவெடுத்து, அதே மாதிரி செய்த நகல். வெடிமருந்து கிடையாது. மேகசின் என்கிற தோட்டாப் பெட்டிக்குள் கேஸ் அடைக்க வேண்டும் — சிகரெட் லைட்டருக்கு அடைக்கிறார்களே, அந்த மாதிரி. விசையை இழுத்தால் கேஸ் ஒரு பிளாஸ்டிக் மணியைத் தள்ளும். பட்டாணி சைஸ் மணி. மிச்சம் இருக்கும் கேஸ் பின்பக்கம் போய் போல்ட் என்கிற இரும்புத் துண்டை உதைக்கும். தோளில் 'டப்' என்று ஒரு தட்டு விழும். அந்த ஒரு தட்டுக்காகத்தான் இத்தனை கூத்தும்.

இதை வைத்துக்கொண்டு குழுவாகச் சேர்ந்து, கண்ணாடி, மாஸ்க் எல்லாம் மாட்டி, காடு மேடு என்று ஓடி விளையாடுகிறவர்கள் உண்டு. நான் அந்த ரகம் இல்லை. ஐம்பத்தெட்டு வயசில், இந்த முட்டியை வைத்துக்கொண்டு காப்பிச் செடிக்கடியில் குப்புறப் படுத்தேன் என்றால் தூக்கி நிறுத்த இரண்டு ஆள் வேண்டும். எனக்குச் சந்தோஷம் கட்டுவதில். ட்யூன் செய்வதில். பார்ட்ஸ் பார்ட்ஸாக வாங்கி, அரத்தால் ராவி, ஸ்பிரிங் மாற்றி, ரப்பர் வளையம் மாற்றி, ஒரு சொட்டு சிலிகான் எண்ணெய் விட்டு... வீட்டுப் பின்பக்கம் அட்டைப்பெட்டிக்குள் பழைய பெட்ஷீட்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். அதில் பத்து மணி சுட்டு, பத்தும் ஒரே இடத்தில் விழுந்தால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி.

ஆனால் ஏற்காட்டில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பொழுதுபோக்கை வைத்துக்கொள்வது தனி வம்பு. கேஸுக்குச் சூடு வேண்டும். சேலத்தில் சித்திரை வெயிலில் படபடவென்று பாயும் அதே சாமான், இங்கே மார்கழியில் இருமக்கூட மாட்டேன் என்கிறது. மேகசினைச் சூடு பண்ணினால்தான் வேலை நடக்கும். அதற்காக அடுப்பில் வைக்க முடியுமா? கேஸ் அடைத்த சாமானை அடுப்பில் வைத்தால், அடுத்த வாரம் இந்தப் பக்கத்தில் வேறு யாராவதுதான் எழுதுவார்கள். அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

அக்குள்.

காலையில் ஸ்வெட்டருக்குள் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பேன். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் பழனியம்மா முதல் தடவை என்னை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு, நேராக சுமதியிடம் போயிருக்கிறார். சாருக்குக் கட்டி கிட்டி வந்துருச்சுங்களா, வெத்தலை வாட்டிப் போடட்டுங்களா என்று கேட்டாராம்.

பழனியம்மாவுக்குப் பக்கத்து ஊர் வெள்ளக்கடை. இருபது வருஷம் எஸ்டேட்டில் காப்பி பறித்தவர். இடுப்பு வலி வந்த பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலையில் சுத்தம், பேச்சில் சிக்கனம். ஒரே மகள் கோகிலா. விடிகாலைப் பனியில் வெள்ளக்கடை ரோட்டில் மூச்சு வாங்க ஓடும் ஒரு பெண்ணை நீங்கள் பஸ்ஸிலிருந்து பார்த்திருந்தால், அது அவள்தான். போலீஸ் வேலைக்கு முதல் தடவை எழுதியதில் போய்விட்டது. இரண்டாம் தடவை ஓட்டத்தில் போய்விட்டது. மூன்றாம் தடவை எழுதி, ஓடி, தாண்டி, எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். பாக்கி ஒன்றே ஒன்றுதான் — வெரிஃபிகேஷன். ஆள் எப்படி, குடும்பம் எப்படி, கேஸ் கீஸ் ஏதாவது உண்டா என்று ஸ்டேஷனில் விசாரித்து எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் காகிதம் நல்லபடியாகப் போய்விட்டால் அவள் போலீஸ். பழனியம்மா அந்த ஒரு மாதமும் ரோட்டில் யாரிடமும் சத்தமாகக்கூடப் பேசவில்லை. பேசினால் அதுவும் காகிதத்தில் ஏறிவிடுமோ என்று பயம்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

ஒருநாள் பழனியம்மா என் மேஜையைத் துடைத்துக்கொண்டே, இந்தப் பொம்மைய எங்கீங்க எடுத்து வெக்கறது என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. எட்டு மாசம் ராவித் தேய்த்த சாமான் பொம்மையா? கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. உங்களுக்குத் தெரியாததா? பழனியம்மாவை நிற்கவைத்து கால் மணி நேரம் க்ளாஸ் எடுத்தேன். இது பொம்மை இல்லை, ரெப்ளிகா. எடை அதே எடை. கழற்றி மாட்டுவது அதே மாதிரி. பட்டாளத்துக்காரனே கையில் வாங்கிப் பார்த்தால்தான் கண்டுபிடிப்பான்...

அதோடு விட்டேனா? முனையைக் காட்டினேன். வாங்கும்போது அந்தக் குழல் முனையில் பளீரென்று ஆரஞ்சு கலர் இருந்தது. இது விளையாட்டுச் சாமான் என்று தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று வைப்பது. எனக்கு அது கண்ணை உறுத்தியது. இவ்வளவு கம்பீரமான உருப்படிக்குக் கோமாளி மூக்கா? அதன்மேல் கறுப்பு அடித்தேன். காயவிட்டேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மறுபடி அடித்தேன். மொத்தம் நாலு கோட்டு, மூன்று வாரம். என் எட்டு மாச வேலையில் நான் ரொம்ப ரசித்துச் செய்தது அதுதான்.

"இப்பப் பாருங்க பழனியம்மா. நெஜத் துப்பாக்கிக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் சொல்லுங்க பாப்போம்" என்று சவால் வேறு விட்டேன்.

அவர் பார்த்தார். எனக்கென்னங்க தெரியும், நீங்க சொன்னாச் செரிதானுங்க என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழியப் போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மடையன்.

இங்கே உங்களுக்கு இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். பழனியம்மாவின் அப்பா எஸ்டேட் வாட்ச்மேன். காட்டுப்பன்றி விரட்ட எஸ்டேட்டுக்கு லைசென்ஸோடு ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். முடிந்தபிறகு திருப்பித் தருவார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் அவர் அப்பா அதைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வருவாராம். சின்னப் பெண்ணாகப் பழனியம்மாவும் கூடவே போயிருக்கிறார். நமக்கெல்லாம் தேர்தல் என்றால் மைக், கொடி, விரலில் மை. பழனியம்மாவுக்குத் தேர்தல் என்றால் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுக்கிற நாள்.

நாங்கள் சேலம் போயிருந்த அன்று எஸ்டேட் ரைட்டர் அந்தத் துப்பாக்கியோடு ஜீப்பில் எங்கள் வீட்டு வழியாகப் போயிருக்கிறார். (ரைட்டர் என்றால் எஸ்டேட்டில் ஆள் பேர் போட்டுக் கணக்கு எழுதுகிறவர். இந்த மலையில் 'ரைட்டர் ஊடு எதுங்க' என்று கேட்டால் யாரும் என் வீட்டைக் காட்ட மாட்டார்கள்.) பழனியம்மா வாசலில் நின்று எங்கீங்க போறீங்க என்று கேட்டிருக்கிறார். அவர் சொல்லியிருக்கிறார். பழனியம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. சார் ஊட்டுலயும் ஒண்ணு இருக்குதே! சார் மறந்துட்டு சேலம் போயிட்டாரே! நாளைக்கு வெரிஃபிகேஷனுக்கு வருகிறவர்கள், கோகிலாவின் அம்மா வேலை பார்க்கிற வீட்டில் ஒப்படைக்காத துப்பாக்கி இருக்கிறது என்று எழுதிவிட்டால்?

செத்த நில்லுங்க என்று ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளே போனார். நான் போர்த்திக்கொள்ளும் கம்பளியையே எடுத்து, அப்பா சுற்றுவது போலவே சுற்றி, ஜீப்பில் ஏறிவிட்டார். ரைட்டரும் ஒன்றும் கேட்கவில்லை. எழுதுகிற மனுஷன், நாலு பேர் பகை இருக்கும், வைத்திருப்பார் என்று நினைத்தாராம்.

ஸ்டேஷன் நோட்டில் பதிவாகிவிட்டது. துப்பாக்கி ஒன்று. கொண்டுவந்து ஒப்படைத்தவர், பழனியம்மாள், வெள்ளக்கடை. லைசென்ஸ் நம்பர் எழுதுகிற இடம் மட்டும் காலி. அதுக்கு சார் வருவாருங்க என்று சொல்லியிருக்கிறார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பழனியம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் கலக்கம் ஒன்றும் இல்லை. ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தி. எஸ்.ஐ. ஒரு இளம்பெண், முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். மேஜைமேல் என் கம்பளி விரிந்திருந்தது. அதன்மேல் என் எட்டு மாசம். பக்கத்தில் எஸ்டேட் துப்பாக்கி — மரப்பிடி விரிசல் விட்டு, கம்பி போட்டுக் கட்டியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பார்த்தால் எஸ்டேட் துப்பாக்கிதான் பொம்மை மாதிரி இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது... அந்த நிலைமையிலும் எனக்கு ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது.

எஸ்.ஐ. லைசென்ஸ் கேட்டார். இதுக்கு லைசென்ஸ் கிடையாதுங்க மேடம் என்றேன்.

ஒரு போலீஸ் ஸ்டேஷனில் நின்றுகொண்டு இதைவிட மோசமான ஒரு வாக்கியம் சொல்ல முடியுமா? ஏட்டு எழுந்து நின்றுவிட்டார். அதாவது மேடம், இது ரெப்ளிகா என்றேன். அப்படின்னா என்றார் எஸ்.ஐ. நெஜத் துப்பாக்கி மாதிரியே... என்று இழுத்தேன். மாதிரியேன்னா என்றார். எடை, அளவு எல்லாம்... சுமதி என் காலை மிதித்தாள்.

பொம்மை. ஒரு வார்த்தை. சொல்லித் தொலைத்திருந்தால் பாதி பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும். வாய் வரவில்லை ஐயா!

எஸ்.ஐ. குரலை உயர்த்தவே இல்லை. "சார், லைசென்ஸ் இல்லாத சாமான், இந்தம்மா பேர்ல பதிவாகியிருக்கு. இவங்க பொண்ணோட வெரிஃபிகேஷன் பேப்பரும் என் டேபிள்லதான் இருக்கு. இது என்னன்னு தெரியாம அதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

பெஞ்சில் இருந்த பழனியம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. அவர் முகத்திலிருந்து அந்தத் திருப்தி இறங்கிப் போனதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

எட்டு மாசமா நானே கட்டினது, சுட்டுக் காட்டுகிறேன் மேடம், பிளாஸ்டிக் மணிதான் வரும் என்றேன். வீட்டுக்கு ஓடி கேஸ் டப்பா, மணி, கண்ணாடி எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். அடைத்தேன். மேகசின் ஐஸ் மாதிரி இருந்தது. பத்து நிமிஷம் டைம் வேணும் மேடம் என்றேன். எதுக்கு என்றார். சொன்னேன். அவர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு ஜன்னலைப் பார்த்தார். சர்க்கார் ஸ்டேஷனில், சர்க்கார் நாற்காலியில், அக்குளில் மேகசினைச் சொருகிக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்த முதல் எழுத்தாளர் நானாகத்தான் இருப்பேன்.

பின்பக்கம் சுவரைப் பார்த்து நின்று சுட்டேன்.

'புஸ்ஸ்...'

மேகசின் அடியில் வெள்ளையாகப் புகை மாதிரி கேஸ் கசிந்தது. அன்றைக்கு நான் சேலம் போனதே கிழிந்துபோன அந்த ரப்பர் வளையத்துக்கு மாற்று வாங்கத்தான். புது வளையம் என் சட்டைப் பையிலேயே இருந்தது! பதற்றத்தில் மாட்ட மறந்துவிட்டேன். மணி குழலிலிருந்து எட்டிப் பார்த்து, யோசித்து, ஏட்டின் பூட்ஸ் பக்கத்தில் விழுந்து உருண்டது. இரண்டாவது தடவை அதுவும் இல்லை.

ஏட்டு குனிந்து மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஏனுங்க சார், இதுக்கா எட்டு மாசம் என்றார். மனுஷன் நக்கல் பண்ணவில்லை. நிஜமாகவே பரிதாபப்பட்டுக் கேட்டார். அதுதான் வலித்தது.

எஸ்.ஐ.க்குத் திருப்தி இல்லை. ரிப்பேரான துப்பாக்கியும் துப்பாக்கிதானே சார் என்றார். நியாயம்தான். பிறகு குழல் முனையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, விளையாட்டுச் சாமான்னா முனையில கலர் இருக்கணுமே, இதுல காணோமே என்றார்.

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? உங்களுக்கே தெரியும். கறுப்புக்கு அடியில் ஆரஞ்சு இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பில் மெயிலில் இருக்கும் மேடம், எடுத்துக் காட்டறேன் என்று போனைத் துழாவ ஆரம்பித்தேன். சிக்னல் இல்லை. ஜன்னல் பக்கம் போனேன். வாசல் பக்கம் போனேன். நாலு கோட்டு ஐயா... மூன்று வாரம்! எப்படியாவது வேறு வழி கிடைக்காதா என்று மனசு அலைந்தது. இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

பழனியம்மா எழுந்து வந்தார். எஸ்.ஐ. முன்னால் நின்றார்.

"சார் மேல தப்பில்லீங்க. அவரு ஊட்டுல இல்லாதப்ப நாந்தான் எடுத்துட்டு வந்தேன். எம்பேர்ல என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்க சாமி. அவ பேப்பர்ல மட்டும் ஒண்ணும் வேண்டாம். நாலு வருசமா ஓடறா."

எதற்காக எடுத்து வந்தீர்கள் என்று எஸ்.ஐ. கேட்டார்.

"சார்தானுங்க சொன்னாரு, நெசத்துக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லீன்னு. வேற ஆரு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டனுங்க. அவரு படிச்சவரு."

என்னால் நிமிர முடியவில்லை. சுமதி கைப்பையைத் திறந்து, வீட்டுச் சாவியை எடுத்து, என் கையில் வைத்தாள். மூன்று வாரமும் அந்தப் பெயிண்ட் வாசனையில் சமைத்தவள் அவள்.

சாவி முனையால் சுரண்டினேன். முதல் கோட்டு சுருள் சுருளாக வந்தது. நான் நல்லாத்தான் அடித்திருந்தேன், சீக்கிரம் விடவில்லை. இரண்டு, மூன்று... என் கையே என் மூக்கைச் சுரண்டுவது மாதிரி இருந்தது. நாலாவது கோட்டுக்கு அடியில் கடுகு சைஸில் ஒரு புள்ளி. அப்புறம் மிளகு சைஸ். ஆரஞ்சு! கமலா ஆரஞ்சு விளைகிற ஊரில்தான் இத்தனை வருஷமாக இருக்கிறேன். இவ்வளவு அழகான ஆரஞ்சை நான் பார்த்ததில்லை.

முழு ஆரஞ்சு வளையமும் தெரிகிற வரைக்கும் எஸ்.ஐ. காத்திருந்தார். நீங்களா கறுப்பு அடிச்சீங்க என்று கேட்டார். ஆமாங்க. எதுக்கு?  நெஜம் மாதிரித் தெரியணும்னு என்றேன்.

"சார், இந்தக் கறுப்போட இதைத் தூக்கிட்டு நீங்க ரோட்ல நின்னா, நான் உங்களை எழுத்தாளர்னு நெனைக்க மாட்டேன்."

மெதுவாகத்தான் சொன்னார்.  எட்டு மாசத்தில் இது எனக்கு ஒருதடவைகூடத் தோன்றவில்லையே... பனிக்குள் நின்று இதைத் தோளில் வைத்துக் குறி பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் வேலி. வேலிக்கு அப்பால் பஸ் போகிற ரோடு.

ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். 'மேற்படி ஏர்சாஃப்ட் ரெப்ளிகாவானது...' அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தமிழ்ல எழுதுங்க சார், நீங்க எழுத்தாளர்தானே என்றார். அடித்துவிட்டு எழுதினேன். பொம்மை. உரிமையாளர் நான். கறுப்பு அடித்தது நான். கொண்டுவந்தவர் என் பேச்சை நம்பிக் கொண்டுவந்தார். கையெழுத்து. ஏட்டு நோட்டை எடுத்து, துப்பாக்கி என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே பொம்மை என்று எழுதினார். அழகான கையெழுத்து அவருக்கு.

வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று பார்த்தால், தேர்தல் முடியட்டும் சார், பொம்மையா இருந்தாலும் பாத்தவங்க பயப்படுவாங்க என்று சொல்லிவிட்டார். என் எட்டு மாசம் எஸ்டேட் துப்பாக்கியோடு சேர்ந்து பீரோவுக்குள் போனது.

காரில் பழனியம்மா பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். பனி படிந்த ஜன்னலைத் துடைத்தார். அப்புறம், அப்ப அது பொம்மைதானுங்களா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அத அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா பரண்மேல தூக்கிப் போட்டிருப்பனே என்றார்.

காரை ஓரம் கட்டி நிறுத்தினேன். என்னை மன்னிச்சிருங்க பழனியம்மா என்றேன்.  அவர், அதெல்லாம் வுடுங்க, கம்பளிய அங்கயே வுட்டுட்டு வந்துட்டமே, குளுருக்கு என்ன பண்ணுவீங்க என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு இரண்டு மாதம் தூக்கம் சரியில்லை. வெரிஃபிகேஷன் பேப்பர் போய்விட்டது என்றார்கள். ஆனால் ஆர்டர் வரவில்லை. தினமும் காலையில் பழனியம்மா கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டால் முகத்தைப் பார்ப்பேன். அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு விளக்குமாறை எடுப்பார். இந்த நேரத்தில் நான் பத்தியில் எழுதி, அதை எவராவது படித்து, யாரிடமாவது ஏதாவது சொல்லி... வேண்டாம் சாமி! பேனாவை மூடி வைத்துவிட்டேன். அடக்கி வைத்த காரணம் இதுதான்.

அந்த இரண்டு மாசத்தில் யோசித்துப் பார்த்தேன். நான் மட்டும்தானா? மாமனார் வீட்டுக்குப் போனால் 'அசிஸ்டென்ட்' என்ற வார்த்தையை விழுங்கிவிட்டு மேனேஜர் என்று சொல்லிக்கொள்கிற மாப்பிள்ளைகள் எத்தனை பேர்? ஹோட்டலில் வாங்கிய குழம்பைப் பாத்திரம் மாற்றி விருந்தாளிக்குப் பரிமாறியதில்லையா நீங்கள்? நம் எல்லோரிடமும் ஒரு கறுப்புப் பெயிண்ட் டப்பா இருக்கத்தான் செய்கிறது. பெரும்பாலும் அது யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. நாம் சொன்னதை அப்படியே நம்புகிற ஒரு மனுஷி வீட்டுக்குள் வந்து போகிற வரைக்கும்.

தேர்தல் முடிந்து சாமான் திரும்பி வந்துவிட்டது. கம்பளியும். கறுப்பு டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது. நான் அதைத் தொடவே இல்லை. (பொய் எதற்கு? ஒருநாள் மூடியைத் திறந்தேன். சுமதி சமையலறையிலிருந்து இருமினாள். மூடிவிட்டேன்.)

போன ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். ஏற்காட்டுக்கே வியர்த்த மத்தியானம். பழனியம்மா லீவு நாளில் வந்திருந்தார், பட்டுச் சேலை கட்டிக்கொண்டு. பின்னாலேயே கோகிலா. கையில் ஆர்டர்.

நான் அதை வாங்கி இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை படிக்கக் கண் தெரியவில்லை. சுமதி என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். புதன்கிழமை ட்ரெய்னிங்குக்குப் போக வேண்டுமாம். பேசிக்கொண்டே இருந்த கோகிலா, தயங்கித் தயங்கி, அம்மா கொண்டு போய்க் குடுத்ததப் பாக்கலாமுங்களா சார் என்று கேட்டாள்.

எடுத்து வந்தேன். புது வளையம் மாட்டியிருந்தேன். மேகசினுக்கு அன்று அக்குள் தேவைப்படவில்லை, வெயிலே போதும். கண்ணாடியை மாட்டிவிட்டேன். அட்டைப்பெட்டியில் ஒரு வட்டம் போட்டேன். கோகிலா காலை அகட்டி நின்றாள். நாலு வருஷம் ஓடிய கால், அசையவில்லை.

'டப்.'

போல்ட் உதைத்தது. வட்டத்தின் நட்ட நடுவில் ஓட்டை. எட்டு மாசத்தில் எனக்கு ஒருநாளும் விழாத இடம்.

பழனியம்மா பக்கத்தில் போய் அந்த ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தார். மகளைத் திரும்பிப் பார்த்து, ஏங்கண்ணு, நெசத் துப்பாக்கி இப்பிடித்தான் இருக்குமா என்று கேட்டார். தெரியலம்மா, இனிமேத்தான் பாக்கோணும் என்றாள் அவள்.

"இப்படி இருக்காது கண்ணு. இது வெறும் பொம்மை" என்றேன்.

என்னை யாருமே கேட்கவில்லை.